பாக் விரிகுடாவின் ஆவுளியா

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் ஆவுளியா மேய்கிறது. கடற்பசு என்றும் சொல்வோம். நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும். வேரோடு பிடுங்கித் தின்பதால், அது மேய்ந்த இடத்தில் வாய்க்கால் வெட்டியதுபோல் தடம் கிடக்கும்.

மீன் அல்ல, பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். குட்டி போடுவதோ சில ஆண்டுகளுக்கு ஒன்றுதான். ஒன்று போனாலும் பேரிழப்பு. இழுவை மடி வலையோ புல்வெளியையே வாரிக்கொண்டு போகிறது.

2022-இல் இங்கே 448 சதுர கிலோமீட்டர் கடல், இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமானது. நல்ல செய்திதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மீனவர்களின் மனசு. சொந்த வலையை அறுத்து ஆவுளியாவை உயிரோடு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களுக்குப் பரிசும் தருகிறது.