துண்டறிக்கையிடம் மூன்று கேள்விகள்

(பொம்மிடியில் ஆசிரியர்கள், மாணவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



'சாதி ஒழிய வேண்டும்' என்று நம் பிள்ளைகள் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதே பிள்ளையின் கைப்பேசிக்குச் சாதிப் பெருமை பேசும் செய்தி வந்தால், மறுத்துச் சொல்ல ஒரு வரி வருவதில்லை. முடிவு மனப்பாடம், வாதம் பழக்கமில்லை.

வாதத்தைப் பிரித்துப் பார்க்கப் பழக்க, அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலையே நான் எடுத்துக்கொள்கிறேன். லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்காக எழுதிய உரை அது. அதன் கருத்துகளை ஏற்க முடியாமல் அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட, 1936-இல் அம்பேத்கர் தானே அச்சிட்டார். 'சாதி வெறும் வேலைப் பிரிவினைதானே' என்ற வாதத்தை அதில் பிரிக்கிறார். பிரிக்கப்படுவது வேலை மட்டுமல்ல, வேலை செய்பவர்கள். அவர்களும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக அடுக்கப்படுகிறார்கள் என்கிறார். 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதிய மறுப்பையும் 1937 பதிப்பில் தன் பதிலோடு சேர்த்தே வெளியிட்டார். இரு தரப்பும் ஒரே நூலில். வகுப்பறைக்கு வேறென்ன வேண்டும்?

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அதை நியாயப்படுத்த உதவிய சொல் 'நாடகக் காதல்'. தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கூலிங்கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார்கள். இதைக் கரும்பலகையில் எழுதுங்கள். மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, நிரூபிக்க வேண்டியது எது? அது நாடகம் என்பதைத்தான். ஆனால் பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார்கள்.

இரண்டு, சான்று எது? உடை. ஜீன்ஸ் எல்லாச் சாதி இளைஞர்களும் போடுவது. ஒருவன் போட்டால் உடை, இன்னொருவன் போட்டால் சூழ்ச்சியா?

மூன்று, சொல்லாமல் விட்டது எது? அந்தப் பெண்ணுக்கென்று ஒரு மனம் கிடையாது என்பது.

நம் துண்டறிக்கைகளிடமும் மாணவர்கள் இதையே கேட்கட்டும். சில தோழர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் சான்றில்லாத வரி நம்முடையதானாலும் அடிபடத்தான் வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது என்பது சாதியின் சட்டம். நம் வகுப்பில் அதற்கு இடமில்லை.

இந்த வாரமே தொடங்குங்கள்: ஒரு துண்டறிக்கை, மூன்று கேள்விகள், ஒரு பாடவேளை.