வேண்டாம் என்று சொல்லும் பொத்தான் எங்கே?



மேடையேறுகிறவர் வழக்கமாக, 'தயவுசெய்து போனை அணைத்து வையுங்கள்' என்பார். நான் எடுக்கச் சொல்கிறேன். ஏதாவது ஒரு வெளிநாட்டுச் செய்தித்தாளின் தளத்தைத் திறந்து பாருங்கள். செய்தி கண்ணில் படுவதற்கு முன்பே அடியிலிருந்து ஒரு பட்டை எழும்பி வரும். 'உங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறோம்' என்று தேன் தடவிய ஒரு வரி. அதன் கீழே பளிச்சென்று 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்ற பொத்தான். பக்கத்தில் சாம்பல் நிறத்தில், மூக்குக் கண்ணாடியைத் தேட வைக்கும் எழுத்தில், 'விருப்பங்களை நிர்வகிக்கவும்'. சரி, 'வேண்டாம்' எங்கே? பல தளங்களில் அது முதல் பார்வையில் கிடைக்காது. சாம்பல் பொத்தானை அழுத்தி உள்ளே போனால் 'எங்கள் கூட்டாளிகள்' என்று ஒரு பட்டியல் வரும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். சில தளங்களில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள், ஒன்றின் பெயரைக்கூட நாம் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நாம் போனதோ ஸ்கோர் பார்க்க. யாருக்கு இருக்கிறது பொறுமை? பளிச்சென்று இருப்பதை அழுத்திவிட்டு நகர்கிறோம்.

அந்தப் பட்டை சம்மதம் கேட்பது குக்கீ வைப்பதற்காக. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. குக்கீ என்ற தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் எதையும் தொடாமல் விட்டால் அது யார் பக்கம் சாய்ந்து நிற்கும் என்று ஒருவர் முடிவு செய்கிறாரே, டீஃபால்ட் என்கிறார்களே, அந்த முடிவின் மேல்தான் என் வழக்கு.

முதலில் குக்கீ என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வெப்சைட்டுக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் அனுப்பும், அடுத்த பக்கம் கேட்டால், கேட்பது அதே ஆள்தானா என்று அதற்குத் தெரியாது. கோயில் வாசலில் செருப்பு விடுகிறோம். அங்கிருப்பவர் நம் பேரைக் கேட்பதில்லை, முகத்தையும் ஞாபகம் வைப்பதில்லை. டோக்கன் ஒன்றைக் கையில் கொடுக்கிறார். தரிசனம் முடித்து அதை நீட்டினால் நம் செருப்பு நமக்கு. குக்கீ அந்த டோக்கன்தான்.

1994-ல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் கம்பெனியில் இதை உருவாக்கியவர் லூ மொண்டுல்லி. அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக நெட்ஸ்கேப் ஓர் ஆன்லைன் கடை கட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் பாதியில் விட்டுப்போகும் வாங்கல் விவரத்தையெல்லாம் தன் சர்வரில் சுமக்க எம்.சி.ஐ. தயாராக இல்லை. அப்படியானால் அது வாங்குகிறவரின் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும் என்பதுதான் மொண்டுல்லியின் வழி. ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமாக ஓர் அடையாள எண் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. எல்லாத் தளங்களும் ஒரே எண்ணைப் பார்த்தால் ஆளைப் பின்தொடர்வது சுலபமாகிவிடும் என்று அதை ஒதுக்கினார். எந்தத் தளம் குக்கீயை வைத்ததோ அந்தத் தளத்துக்கு மட்டுமே அது திரும்பப் போகும், பக்கத்துத் தளத்துக்குத் தெரியாது என்று அமைத்தார். அதாவது, அந்தரங்கத்தைப் பற்றி யோசித்தே செய்த வேலை அது.

குக்கீயைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, 'அப்ளிகேஷன்' என்ற பகுதிக்குப் போங்கள். குக்கீகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு மதிப்பு, எந்தத் தளத்துடையது, என்றைக்குக் காலாவதி. மதிப்பு என்ற கட்டத்தில் பெரும்பாலும் தலைகால் புரியாத எழுத்துக் குவியல்தான் இருக்கும். ஒரு குக்கீ ஏறக்குறைய 4 கிலோபைட்டுக்கு மேல் போகாது. அதில் உங்கள் பெயரோ ஊரோ எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் இருப்பது வெறும் எண். அந்த எண்ணுக்கு நேரே எழுதப்படும் கணக்குப் புத்தகம் அவர்கள் சர்வரில் இருக்கிறது. காலாவதித் தேதியைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். குரோம் எந்தக் குக்கீயையும் 400 நாளுக்கு மேல் வைக்காது என்பது உண்மை. ஆனால் நாம் திரும்பத் திரும்ப அந்தத் தளத்துக்குப் போகும்போது தேதியும் தள்ளிப்போகும்.

பக்கத்துத் தளத்துக்குத் தெரியாது என்றேன். பிறகு எப்படிப் பின்தொடர்கிறார்கள்? அங்கேதான் ஒரு சந்து இருக்கிறது. நாம் திறக்கும் ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி செய்தித்தாளின் சர்வரிலிருந்து வரும். விளம்பரம் வேறொரு கம்பெனியின் சர்வரிலிருந்து வரும். சில சமயம் ஒரே ஒரு புள்ளி அளவில், கண்ணுக்கே தெரியாத ஒரு படமும் வரும். அந்தப் படத்தை அனுப்பும் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு குக்கீ வைக்கலாம். நாம் அந்தக் கம்பெனியின் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் அதே கம்பெனியின் துண்டு ஆயிரம் தளங்களில் ஒட்டியிருந்தால் ஆயிரம் இடத்திலும் அது பார்ப்பது ஒரே எண்ணை. காலையில் தைராய்டு மாத்திரை பற்றிப் படித்தீர்கள், மதியம் நகைக்கடன் வட்டி பார்த்தீர்கள், ராத்திரி பெண்ணுக்கு வரன் தேடினீர்கள். மூன்று தளங்களும் ஒன்றையொன்று அறியாது. நடுவில் இருக்கிறவருக்கு மூன்றும் தெரியும். இப்படிப் படித்த வரிசையை வைத்தே ஒரு வீட்டின் நிலவரத்தை ஊகித்துவிடலாம், பெயர் எதற்கு?

இதை யாரும் கவனிக்கவில்லையா என்றால், ஆரம்பத்திலேயே கவனித்தார்கள். 1996 பிப்ரவரியில் லண்டனின் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் தங்கள் கம்ப்யூட்டரில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. அடுத்த வருடம், 1997 பிப்ரவரியில், இணையத்துக்கு நெறிகள் வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு குக்கீக்கான முதல் நெறி ஆவணத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் பெல் லேப்ஸின் டேவிட் கிறிஸ்டல். இன்னொருவர் மொண்டுல்லியேதான். மூன்றாம் ஆள் வைக்கும் குக்கீயை பிரவுசர் தானாக ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். நெட்ஸ்கேப்பும் சரி, மைக்ரோசாப்டின் எக்ஸ்ப்ளோரரும் சரி, அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுதியவரின் கம்பெனியே எழுதியதைப் பின்பற்றவில்லை என்பதை என்னால் இன்றும் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை. விளம்பர வியாபாரம் அதற்குள் அந்தச் சந்தில் கடை விரித்துவிட்டது.

அந்தக் கடைகளில் பெரியது டபுள்கிளிக். 1999-ல் அது அபாக்கஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. தபால் மூலம் பொருள் வாங்கும் அமெரிக்கர்களின் பெயர், முகவரி, வாங்கிய சாமான் எல்லாம் அபாக்கஸ் கையில் இருந்தன. குக்கீ எண்ணையும் அந்தப் பெயர்களையும் கோத்துவிடுவது திட்டம். ஊரே எதிர்த்தது, அரசு விசாரணையும் வந்தது. 2000 மார்ச்சில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். கதை முடிந்ததா? 2008-ல் கூகுள் டபுள்கிளிக்கை வாங்கி முடித்தது. அதன் விளம்பரக் குக்கீ விவரத்தையும், பெயரோடு கூடிய கூகுள் கணக்கு விவரத்தையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டோம், நீங்களாகச் சம்மதித்தாலொழிய என்று தன் தனியுரிமைக் கொள்கையில் ஒரு வரி வைத்திருந்தது. 2016-ல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பழைய கணக்குக்காரர்களிடம் சம்மதம் கேட்டார்கள். புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு அது ஏற்கெனவே 'ஆன்' நிலையில் இருந்தது. 2000-ல் கூச்சல் போட்டுத் தடுத்ததை 2016-ல் ஓசைப்படாமல் ஒரு டீஃபால்ட் முடித்துவிட்டது.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் ஆள் குக்கீயை முழுக்கத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022-லிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் பூட்டி வைக்கிறது. ஐபோன் வைத்திருக்கிறவர் வீட்டில் இணையம் ஒன்றும் இடிந்து விழவில்லை. உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் கூகுளின் குரோமும் 2020 ஜனவரியில், இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தது. அது 2023-க்குத் தள்ளிப்போனது, பிறகு 2024-க்கு. 2024 ஜனவரியில் நூற்றில் ஒருவருக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். அந்த ஜூலையில் திட்டத்தையே கைவிட்டார்கள். கூகுள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குக்கீ போய்விட்டால் சிறிய விளம்பரக் கம்பெனிகள் நொடித்து, கூகுள் இன்னும் பெரிதாகிவிடும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் கவலைப்பட்டது, அது பொய்க் கவலை இல்லை. ஆனால் விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனியிடமே பிரவுசரும் இருந்தால் டீஃபால்ட் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

ஐரோப்பாக்காரர்கள் சம்மதம் என்ற வழியில் போனார்கள். நாம் தொடக்கத்தில் பார்த்த பட்டை அவர்களுடைய சட்டத்தின் பிள்ளை. கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்துவிட்டு அதைச் சம்மதம் என்று சொல்லக் கூடாது என்று 2019 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. குற்றம் என்ன தெரியுமா? ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு. அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கூகுள் அங்கே 'எல்லாவற்றையும் நிராகரி' என்ற பொத்தானை வைத்தது. பொத்தான் எண்ணி அபராதம் போட்ட அந்த அதிகாரிகளை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குத் தொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். குக்கீ என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் மூன்று விஷயம் இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, அரசு விலக்கு அளித்த இடங்கள் தவிர. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி வேண்டும், தமிழும் அதில் ஒன்று. மூன்றாவதில் இந்த வாசகர் வட்டத்துக்கு வேலை இருக்கிறது. யாரும் விளங்கிக்கொள்ள முடியாத அரசாணைத் தமிழில் ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டுச் சட்டப்படி முடித்துவிட்டோம் என்று கைகழுவ விடக் கூடாது.

அந்தக் கடமைகள் நடைமுறைக்கு வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' என்பதற்குள் போங்கள். 'தர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்று இருக்கும், அதைத் தடுத்து வையுங்கள். எப்போதாவது ஒரு தளத்தில் லாகின் சண்டித்தனம் செய்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாது என்று நம்பாதீர்கள். ஜன்னலை மூடும்போது அது குக்கீயை அழிக்கும், திறந்திருக்கும்போது போகும் தளம் உங்களைப் பார்க்கத்தான் செய்யும்.

இன்னொன்று, விளம்பரத்தோடு சம்பந்தமில்லாதது, ஆனால் நம் ஊரில் அதைவிட அவசரமானது. லாகின் செய்தபின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதற்கும் குக்கீதான் காரணம். அந்தக் குக்கீ இன்னொருவர் கைக்குப் போனால் அவருக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனலை இப்படித்தான் கைப்பற்றினார்கள், அதுவும் கம்ப்யூட்டரே தொழிலாகக் கொண்டவர்களிடமிருந்து. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போகும் பிள்ளைகள் மெயிலைத் திறந்து ஓ.டி.பி. பார்த்துவிட்டு, ஜன்னலை மட்டும் மூடிவிட்டு எழுந்து வருகிறார்கள். அடுத்து உட்காருகிறவருக்கு அந்த மெயில் திறந்த வீடு. லாகவுட் கொடுத்துவிட்டு எழச் சொல்லுங்கள். மறந்து வந்துவிட்டால் வீட்டிலிருந்தே போனில் கூகுள் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்து 'சைன் அவுட்' கொடுக்கலாம்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். போனில் தர்ட் பார்ட்டி குக்கீ செட்டிங்கை மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.