மூன்று கைப்பிடி டின்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொறியாளரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"யுத்த காலத்துக் கருவிகளில் உங்களுக்குப் பிடித்ததைப் பற்றிப் பேசுங்கள்" என்றார் செயலாளர். ஸ்பிட்ஃபயர் விமானம், ராடார் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் சொன்னது ஒரு பெட்ரோல் டின், ஒரு இரும்பு மேஜை. இரண்டாம் உலக யுத்தத்தில் முதலாவது போர்க்களத்துக்குப் போனது. இரண்டாவது வீட்டுக்குள் வந்தது.

முதலில் டின். ராணுவ ஜீப்பின் பின்னால் மாட்டியிருக்கும் ஜெர்ரி கேனைப் பார்த்திருப்பீர்கள். 1937-ல் ஜெர்மனியில் வின்சென்ட்ஸ் க்ரூன்ஃபோகல் என்ற பொறியாளர் வடிவமைத்தது. 20 லிட்டர் பிடிக்கும். மேலே ஏன் மூன்று கைப்பிடி? ஒருவர் தூக்கினால் நடுப்பிடி. இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு ஒரு ஓரப்பிடி. காலி டின் என்றால் ஒரே கையில் இரண்டைத் தூக்கலாம். மூடியைத் திறக்க ஸ்பானர் வேண்டாம், ஊற்றப் புனல் வேண்டாம். உள்ளே காற்றுக்குழாய் இருப்பதால் பெட்ரோல் 'களக் களக்' என்று சிந்தாமல் சீராக விழும். மேலே காற்றுக்கு இடம் விட்டிருப்பதால் நிரம்பிய டின்னும் தண்ணீரில் மிதக்கும். வெயிலில் பெட்ரோல் விரிந்தால் தாங்கத்தான் பக்கங்களில் அந்தப் பள்ளங்கள். ராத்திரி இருட்டில், களைத்துப் போன சிப்பாய் ஒருவன் இதைத் தூக்குவான் என்று யோசித்துச் செய்தது போல இருக்கும்.

பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்தது 4 காலன் தகர டின். நம் வீடுகளில் எண்ணெய் தீர்ந்ததும் அரிசி கொட்டி வைப்போமே, ஏறக்குறைய அந்த அளவு. விலை மலிவு. ஆனால் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி குலுங்கியதும் ஒட்டு விட்டு ஒழுகியது. கப்பலின் அடித்தட்டில் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். பெட்ரோலில் சுமார் 30 சதவீதம் வழியிலேயே வீணாயிற்று என்று ஜெனரல் ஆக்கின்லெக் கணக்கிட்டார். 1943-ல் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்தாரே, அவர்தான். அந்தப் பாலைவனத்தில் போரிட்ட 4-வது இந்திய டிவிஷனில் நம் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் இருந்தார்கள். அந்தத் தகர டின் ஒரு காரியத்துக்கு மட்டும் உதவியது. அதைப் பாதியாக வெட்டி, மணலைக் கொட்டி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் டீ போட அடுப்பு! சிப்பாய்கள் அதற்கு 'பெங்காஸி பர்னர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஜெர்மன் டின் கையில் சிக்கியதும் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தங்கள் டின்னைத் தூரப் போட்டுவிட்டு அதைத்தான் தேடி எடுத்தார்கள். ஜெர்மானியரை அவர்கள் 'ஜெர்ரி' என்பார்கள். அதனால் ஜெர்ரி கேன்.

இதில் நம் தேசத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1939-ல் பால் ப்ளீஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஜெர்மன் நண்பருடன் பெர்லினிலிருந்து காரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில் குடிநீர் வைக்க, அந்த நண்பர் ராணுவக் கிடங்கிலிருந்து மூன்று டின்களை எடுத்து வந்தார். நடுவழியில் நண்பரை ஜெர்மனி திருப்பி அழைத்துக்கொண்டது. போகுமுன் டின் செய்யும் விவரம் முழுவதையும் ப்ளீஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். ப்ளீஸ் கல்கத்தா வரை வந்து, காரை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அமெரிக்க ராணுவத்திடம் எடுத்துச் சொன்னார். முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு காப்பியடித்தபோது வடிவத்தை எடுத்துக்கொண்டு, உயிர்நாடியான வெல்டிங்கையும் மூடியையும் மாற்றிவிட்டார்கள். அதுவும் ஒழுகியது! கடைசியில் சரியான டின்னே ஜெயித்தது. 1945 மே மாதத்தில் ஐரோப்பா முழுக்க சுமார் 2.1 கோடி ஜெர்ரி கேன்கள் கிடந்தன.

இனி மேஜை. லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் தோட்டத்தில் பள்ளம் தோண்டிப் புதைக்கும் ஆண்டர்சன் ஷெல்டர் இருந்தது. ஆனால் தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்வது? தவிர, ஈரத்திலும் குளிரிலும் குழந்தைகளோடு அதில் படுப்பது எளிதல்ல. 1941-ல் ஜான் பேக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்த மாரிசன் ஷெல்டர் வந்தது. ஆறரை அடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி உயரம். பகலில் அதன் மேல் சாப்பாடு, ராத்திரி அதனுள் தூக்கம். பக்கங்களில் கம்பி வலை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசம். வீட்டுக்காரரே பூட்டிக்கொள்ளலாம்.

பேக்கரின் யோசனையைக் கவனியுங்கள். இடிந்து விழும் வீட்டின் பாரத்தை அசையாமல் எதிர்த்து நிற்க அவர் முயலவில்லை. மேஜை கொஞ்சம் வளையட்டும், வளைவதிலேயே அடியின் வேகம் அடங்கட்டும், உள்ளே இருப்பவர் பிழைக்கட்டும் என்றார். நேராகக் குண்டு விழுந்தால் காப்பாற்றாது. ஆனால் பலத்த சேதமடைந்த 44 வீடுகளை ஆராய்ந்தபோது, ஷெல்டருக்குள் இருந்த 136 பேரில் 3 பேர் மட்டுமே இறந்திருந்தார்கள். 120 பேருக்குப் பெரிய காயமே இல்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நானும் ஒரு தப்புச் செய்தவன். ஒரு தொழிற்சாலையில் காஸ்டிக் சோடா கரைசல் வைக்கும் கேன் வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கேனுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று மெலிந்த மூடி போட்டதைத் தேர்ந்தெடுத்தேன். மேலிடத்தில் பாராட்டுக்கூடக் கிடைத்தது. மூன்றாம் மாதம் மூடி கழன்று ஒரு தொழிலாளியின் கால் வெந்தது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைத் திட்டவில்லை, "அந்தக் கேனை நீங்கள் தூக்கிப் பார்த்தீர்களா, சார்?" என்று மட்டும் கேட்டாள். நான் தூக்கிப் பார்க்கவே இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று இன்ஜினியர்கள். பிளானில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தரம் தூக்கிப் பாருங்கள் என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது.