ஊசிமுனையில் ஒரு சொல்



சொல்லுக்கு ஆற்றல் உண்டென்பது இலக்கிய மேடைகளில் என்றும் ஒலிக்கும் கூற்று. அவ்வாற்றலை அளந்து காட்டிய பெருமை மருத்துவர்களைச் சாரும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நிகழ்ந்த ஆய்வொன்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிறைமாதக் கர்ப்பிணிகள் 140 பேர் அதில் பங்கேற்றனர். முதுகில் மயக்கமருந்து செலுத்துமுன், தோலை மரக்கச் செய்யும் சிறிய ஊசி ஒன்று இடப்படும். அப்போது ஒரு சாராரிடம், பெரிய தேனீ கொட்டுவது போலிருக்கும், இதுவே மிகக் கடினமான கட்டம் என்று கூறப்பட்டது. மறு சாராரிடம், இம்மருந்து அவ்விடத்தை மரக்கச் செய்யும், சிகிச்சையின்போது வசதியாக இருக்கலாம் என்று கூறப்பட்டது. ஊசி ஒன்றே, சொல்தான் வேறு. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னபோது, தேனீயைக் கேட்டவர்களின் இடைநிலை மதிப்பு 5, மற்றவர்களுடையது 3.

இதற்கு முன்பே, 2005இல், எல்விரா லாங் குழுவினர் சிகிச்சை அறைகளில் எடுக்கப்பட்ட ஒளிநாடாக்களை ஆராய்ந்திருந்தனர். வலிக்கும் என்ற எச்சரிக்கை வலியையும் பதற்றத்தையும் பெருக்கியது. குத்தியபின் வலியைச் சுட்டிக் காட்டிய பரிவோ பதற்றத்தை வளர்த்தது.

இது வெறும் கற்பனை வலியன்று. தீங்கை எதிர்பார்ப்பதால் விளையும் தீங்கிற்கு ‘நோசிபோ’ என்ற பெயர் 1961இல் சூட்டப்பட்டது. மூளையில் கோலிசிஸ்டோகைனின் என்னும் பொருளின் செயலைத் தடுத்தால் அந்தக் கூடுதல் வலி எழுவதில்லை என்று இத்தாலியின் பெனடெட்டி குழுவினர் 1997இல் காட்டினர். சொல் எழுப்பும் அச்சம் உடலின் வேதியியலுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

தமிழகத்து மருத்துவமனைகளில், ‘எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்’ என்று தேற்றுவது வழக்கம். பாஸ்டன் தேனீக்கு அந்த எறும்பு தங்கை முறை. அன்பில் பிறந்த சொல்தான். ஆயினும் கை நீட்டியவர் அதுவரை நினையாத கடியை நினைக்கத் தொடங்குகிறார்.

அதற்காக, ‘வலிக்கவே வலிக்காது’ என்பதும் தீர்வாகாது. குத்திய கணமே அப்பொய் வெளிப்படும். அடுத்த ஊசிக்குக் குழந்தை நம்பிக் கை நீட்டாது. வலிக்குமா என்று கேட்பவரிடம் மறைத்தலும் முறையன்று. பாஸ்டனில் இரண்டாவதாகக் கூறப்பட்ட சொற்களில் பொய்யில்லை. ஊசி எதற்காக என்ற உண்மையே அவற்றில் முன்னிறுத்தப்பட்டது.

வள்ளுவர் ‘இனியவை கூறல்’ என ஓர் அதிகாரமும் ‘வாய்மை’ என ஓர் அதிகாரமும் வகுத்தார். ஊசி ஏந்தியவரின் நாவில் அவ்விரண்டும் ஒருசேர அமைய வேண்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. சற்றே சிந்தித்துப் பேசினால் போதும்.