வீட்டுக் கணிப்பொறிக்கு ஒரு காவல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இசையும் நடனமும் பட்டிமன்றமும் நிகழும் இவ்விழாவிலே கணிப்பொறியைப் பற்றிப் பேசுவதும் பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், மூணாற்றிலும் தேவிகுளத்திலும் பீருமேட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் உடைமைகளுள் விலைமதிப்பற்றது எது? பொன்னன்று; பட்டயமுமன்று. பாட்டனாரின் பழைய குடும்ப அட்டை, தேயிலைத் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தந்தையாரின் பள்ளிச் சான்றிதழ் ஆகியனவே. “நீவிர் இம்மண்ணில் எத்தனை காலமாக வாழ்கின்றீர்?” என்று அலுவலகங்கள் வினவும்போது, நமக்காக விடை கூறுவன அத்தாள்களே. மலைநாட்டு மழையிலும் ஈரத்திலும் அவை நைந்து போகின்றன. ஆதலால் அவற்றைப் படமெடுத்துக் கணிப்பொறியிலே சேமித்திருக்கின்றோம். சில வீடுகளில் தாள் அழிந்து, படம் மட்டுமே எஞ்சியுள்ளது. அப்படத்திற்கும் கேடு வருமாயின் என் செய்வது?

கேடு வருவதற்கு வழியுண்டு. அதுவே நச்சுநிரல்; ‘வைரஸ்’ என்று யாவரும் அறிவர். 1986-ஆம் ஆண்டிலே, பாகிஸ்தானின் லாகூர் நகரைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவர் எழுதிய ‘பிரெய்ன்’ என்னும் நிரல், நெகிழ்வட்டுகளின் வழியே பல நாடுகளுக்கும் பரவியது. அன்று நெகிழ்வட்டு ஏறி வந்தது, பின்னர்ப் பென்டிரைவ் ஏறியும் மின்னஞ்சல் ஏறியும் வரலாயிற்று.

தொலைவில் நடந்த கதை என்று இதனைத் தள்ளிவிடுதல் ஆகாது. 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் பணப்பறி நிரல் உலகெங்கும் பரவி, 150 நாடுகளுக்கு மேல் தொல்லை விளைத்தது. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகள் தடுமாறின. அடுத்த சில நாட்களுக்குள், தென்னக இரயில்வேயின் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் அதற்கு இரையாயின. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்கு 300 டாலர் கேட்பது அந்நிரலின் இயல்பு. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழிந்தும், எண்ணற்ற பொறிகளில் அத்திருத்தம் ஏற்றப்படவில்லை.

காவலில் இருவகையுண்டு. வாளையாற்று வணிகவரிச் சாவடியில், 2017-க்கு முன்னர், சரக்குந்துகள் நெடுவரிசையில் நின்றதை நாம் கண்டிருக்கிறோம். வருவதை வாயிலிலேயே நிறுத்திப் பார்ப்பது ஒருவகை. பொறியில் எந்நேரமும் விழித்திருக்கும் நச்சுநிரல் தடுப்பி அத்தகையது. இரவிலே விளக்கேந்தி, வீட்டின் மூலை முடுக்கெல்லாம் நாமே சென்று பார்ப்பது மற்றொரு வகை. கட்டளை வரியில் இயங்கும் சோதிப்பான் அத்தகையது. அதற்குப் பொத்தான்களில்லை, வண்ணப் படங்களில்லை. கறுத்த திரையில் நாம் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்கிறோம். அது பணி முடித்து, கண்டதைக் கூறி ஓய்கிறது. இவற்றுள் ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும்.

இவ்வகையில் பெயர் பெற்றது ‘கிளாம்ஏவி’. போலந்து நாட்டுத் தோமாஸ் கோய்ம் என்பார் 2002-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. பின்னாளில் சிஸ்கோ நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. இதற்கு விலையில்லை. கேரளத்துப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும், அதன் வழிவந்த ‘கைட்’ நிறுவனமும் கட்டற்ற மென்பொருளையே பரப்பியமையால், நம் பிள்ளைகள் பலர் லினக்ஸை அறிவர். ‘டெர்மினல்’ என்னும் கறுத்த திரையும் அவர்களுக்குப் புதிதன்று. பெற்றோர் அஞ்சும் திரையைப் பிள்ளைகள் கைகொட்டி வரவேற்பர்!

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, நச்சு அடையாளப் பட்டியலைப் புதுப்பித்தல். காவல் நிலையத்தில் கள்வர் படங்கள் இருப்பது போன்றது அப்பட்டியல். பழைய படங்களைக் கொண்டு புதிய கள்வனைப் பிடித்தல் அரிது. ‘பிரெஷ்கிளாம்’ என்னும் கட்டளை இதற்குரியது. உபுண்டு போன்றவற்றில் இது பின்னணியில் தானே நடைபெறுவதும் உண்டு. அவ்வேளையில் நாமும் கட்டளையிட்டால், பதிவேடு பூட்டப்பட்டுள்ளது என்று செய்தி வரும், அஞ்ச வேண்டா.

இரண்டாவது, சோதித்தல். ‘கிளாம்ஸ்கேன்’ என்று இட்டு, ஒரு சிறு கோடும் ‘ஆர்’ எழுத்தும் சேர்த்து, கோப்புறையின் பெயரை எழுதுக. உள்ளறைகள் அனைத்தையும் அது பார்க்கும். கோடும் ‘ஐ’ எழுத்தும் சேர்த்தால், குற்றமுள்ளவற்றை மட்டும் காட்டும். இறுதியிலே தோன்றும் தொகுப்பில், ‘இன்பெக்டட் பைல்ஸ்’ என்னும் வரியிலுள்ள எண்ணைப் பார்த்தல் வேண்டும். அச்சுக் கடையிலிருந்து திரும்பும் பென்டிரைவை முதலில் இவ்வாறு சோதித்து, அதன்பின் திறப்பதே நல்வழக்கம்.

விண்டோஸ் வைத்திருப்போர் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அதனுடன் வரும் ‘டிபெண்டர்’ காவலனுக்கும் கட்டளை வரி வடிவம் உண்டு. ‘எம்பிசிஎம்டிரன்’ என்பது அதன் பெயர். சோதனை வகையாக 1 என்றால் விரைவுச் சோதனை. 2 என்றால் முழுச் சோதனை. 3 என்றால் நாம் குறிக்கும் இடத்தில் மட்டும்.

சோதிப்பான் விழித்திருக்கிறதா என்றறிய, ‘ஐகார்’ என்னும் தீங்கற்ற சோதனைக் கோப்பு உண்டு. 68 எழுத்துகளே கொண்ட அதனை நச்சென்று காட்டினால், காவலன் விழித்திருக்கிறான் என்று கொள்ளலாம்.

எச்சரிக்கைகளும் உள. நல்ல கோப்பையும் சில வேளை நச்சென்று சோதிப்பான் தவறாகக் கூறும். ஆதலால் ‘ரிமூவ்’ என்னும் அழிப்புக் கட்டளையைச் சேர்த்தல் வேண்டா. ‘மூவ்’ என்பதைக் கொண்டு வேறோர் அறையில் ஒதுக்கி வைத்து, ஆராய்ந்த பின்னரே முடிவு செய்க. பாட்டனாரின் சான்றிதழை நம் கையாலேயே அழித்துவிடக் கூடாதன்றோ? மேலும், மிகப் பெரிய கோப்புகளைக் கிளாம்ஸ்கேன் முழுதும் பாராது விடுவதுண்டு. நினைவகம் குறைந்த பழைய பொறியில் அது திணறும். பட்டியலில் இன்னும் சேராத புதிய நஞ்சு தப்பிவிடவும் கூடும்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. பணப்பறி நிரலைச் சோதிப்பான் கண்டுபிடித்து நீக்கினாலும், அது பூட்டிய கோப்புகள் திறவா. களவு போனபின் கள்வனைப் பிடித்தாலும், பொருள் மீள்வது உறுதியன்றே! ஆகவே, முதன்மையான தாள்களின் படங்களைத் தனியொரு வட்டில் படியெடுத்து, பொறியிலிருந்து கழற்றி வைத்தல் வேண்டும். இணைத்தே வைத்திருந்தால், அதனையும் சேர்த்துப் பூட்டிவிடும். கேடு வருமுன் காவாதவனின் வாழ்வை, நெருப்பின் எதிரே கிடக்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவப் பெருந்தகை. அவர் கூறியது இன்றைய கணிப்பொறிக்கும் பொருந்துகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நாம் கூறிய கட்டளைகளையும், அவை தரும் ஆங்கிலச் செய்திகளின் பொருளையும் தெளிந்த தமிழில் ஒற்றைத் தாளாக அச்சிட்டு, உறுப்பினர் வீடுதோறும் வழங்கச் சங்கம் முன்வரல் வேண்டும். கல்லூரி மாணவ மாணவியர் திங்களுக்கு ஒரு ஞாயிறு, அரை நாள், சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, முதியோர் கொணரும் பென்டிரைவுகளைச் சோதித்துக் கொடுத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிது நேரமும் அன்பும் போதும். மொழியைக் காத்தல் நம் கடமை. அம்மொழி பேசும் குடும்பங்களின் சான்றுகளைக் காத்தலும் அக்கடமையின் ஒரு கூறே.

வாழிய செந்தமிழ்! வாழ்க நற்றமிழர்!