பட்டியலில் பெயர் தேடுவது



ராஜஸ்தானில் கோட் கிரானா என்று ஓர் ஊர். அன்று அது பாலி மாவட்டத்தில் இருந்தது. 1994 டிசம்பரில் அங்கே ஒரு கூட்டம் நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு அதை நடத்தியது. அரசு வேலையின் கூலிக் கணக்கை ஊரார் முன் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவர்களுக்கும் கூலி கொடுத்ததாக எழுதியிருந்தது! இப்படிப் பல ஊர்களில் மக்கள் கேட்டார்கள். 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

அன்று காகிதத்தில் விரல் வைத்து வரிவரியாகத் தேடினார்கள். இன்று பல பட்டியல்கள் கணினியில் இருக்கின்றன. ஒரு வரிசையில் ஒருவரின் பெயர், அட்டை எண், வேலை நாள், கூலி இருக்கும். இப்படி ஆயிரம் வரிசை இருக்கலாம். கமலாவின் கணக்கை எப்படிப் பார்ப்பது?

தேடச் சொன்னால், கமலா என்ற பெயர் உள்ள இடத்தைக் கணினி காட்டும். வடிகட்டச் சொன்னால், கமலாவின் வரிசைகள் மட்டும் நிற்கும். இதற்கு, தலைப்பில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்த வேண்டும். பெயர்கள் வரும். கமலாவுக்கு மட்டும் டிக் போட வேண்டும். மற்ற வரிசைகள் மறையும். மறையும், அழியாது. அரிசியைச் சலித்தால் நொய் கீழே முறத்தில் கிடக்கிறதல்லவா? அதுபோலத்தான். இடது ஓரத்து எண்களைப் பாருங்கள். 2, 9, 31 என்று தாவும். நடுவில் உள்ளவை ஒளிந்திருக்கின்றன.

கணினிக்குச் சொந்த புத்தி கிடையாது. ஓரிடத்தில் கமலா, இன்னோரிடத்தில் கம்லா என்று அடித்திருந்தால், அதற்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். ஒரு வாரக் கூலி கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே அட்டை எண்ணைச் சொல்லித் தேடச் சொல்வதே நல்லது.

மொத்தத் தொகையிலும் கவனம் தேவை. கமலாவின் மூன்று வரிசைகளில் 600, 1,200, 800 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2,600. ஆனால் மொத்தம் என்ற இடத்தில் லட்சக்கணக்கில் நிற்கலாம். சாதாரணக் கூட்டல் மறைந்த வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும். கையால் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

பார்த்து முடித்ததும் வடிகட்டியை எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், அடுத்து வரும் சாந்தியிடம், "உன் பெயரே இல்லையம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.