மூட்டு நோயும் முயற்சியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் இன்று இலக்கியம் பற்றிப் பேசுவோமென அன்பர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயின், இலக்கியச் சுவையை இனிதிருந்து கேட்பதற்கும் உடல்நலம் வேண்டுமன்றோ? நம் கூட்டங்களுக்கு முன்பெல்லாம் தவறாது வந்த மூத்தோர் பலர் இப்போது வருவதில்லை. காரணம் வினவினால், "முழங்கால் பிடித்துக்கொண்டது, படியேற முடியவில்லை" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. நம்மை வளர்த்து ஆளாக்கியோர் நான்கு படிகளுக்கு அஞ்சி வீட்டினுள் அடைபட்டுக் கிடப்பது நம் அனைவர்க்கும் உற்ற குறையாகும். ஆதலின் மூட்டு நோவைப் பற்றியும், அதனைத் தணிக்கும் முறையான உடற்பயிற்சியைப் பற்றியும் சில கூற முற்பட்டோம். யாம் வைத்தியரல்லேம். அத்துறை வல்லாரிடம் கற்றவற்றை, ஆசிரியன் பாடஞ் சொல்வதுபோல் எடுத்துரைப்பதே எம் பணி.

மூட்டுதல் என்பது இணைத்தல். எலும்புகளை இணைக்குமிடம் மூட்டு எனப்பட்டது. வடமொழியாளர் இதனைச் சந்தி என்பர். எழுத்தும் எழுத்தும் கூடுமிடத்திற்கும் அதுவே பெயர். நம் சித்த வைத்தியர் இந்நோயைக் கீல்வாயு என்று வழங்குவர். கீல் என்பது கதவு திரும்புதற்கு இடமாகிய பொருத்துக்கும் பெயராகும். இணைந்தும் இருத்தல் வேண்டும், அசைந்தும் கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்ததே மூட்டு. அசைவு ஒழிந்த மூட்டு தன் தொழிலிற் பாதியை இழந்ததேயாம்.

மூட்டு நோய்கள் பல. அவற்றுள், வயது முதிருங்கால் முழங்காலைப் பெரிதும் பற்றுவதை ஆங்கில மருத்துவர் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பர். நம் மக்கள் அதனை "மூட்டுத் தேய்மானம்" என்கின்றனர். இப்பெயர் செய்யும் தீங்கு பெரிது. தேய்மானம் என்றவுடன், "பயன்படுத்தப் பயன்படுத்த இன்னும் தேயும், ஆதலால் அசைக்காதிருத்தலே நலம்" என்னும் எண்ணம் தானே எழுகின்றது. ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். உழவன் கலப்பையின் கொழு தேய்கின்றது. அதனைப் பிடித்த அவன் கையோ தேய்வதில்லை, காய்த்து உரம் பெறுகின்றது. கொழு உயிரற்றது, கை உயிருள்ளது. நம் முழங்காலும் உயிருள்ள கையின் இனமேயன்றி இரும்புக் கொழுவின் இனமன்று.

இதன் காரணத்தை மருத்துவ நூலார் தெளிவுறக் காட்டுகின்றனர். எலும்புகளின் முனையில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்திருக்கின்றது. அதற்குள் இரத்தக் குழாய் இல்லை. பின் அதற்கு ஊட்டம் எவ்வாறு கிடைக்கின்றது? மூட்டினுள் ஊறும் நீரிலிருந்தே கிடைக்கின்றது. நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி நீரை வெளிவிடுகின்றது. சுமை நீங்கியபோது விரிந்து மீண்டும் நீரை ஏற்கின்றது. அமுங்கலும் விரிதலும் இன்றேல் ஊட்டமும் குன்றும். மேலும், முழங்காலைத் தாங்கும் தூண் தொடையின் முன்புறத் தசையாகும். வலிக்கு அஞ்சிக் கிடந்தால் அத்தசை மெலிகின்றது. தசை மெலிந்தால் மூட்டின்மேற் சுமை மிகுகின்றது. சுமை மிகவே வலி மிகுகின்றது. வலி மிகவே மேலும் கிடக்கின்றோம். இச்சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியாதல் வேண்டும். அதனை நிறுத்துங் கையே பயிற்சி. இதனை முறையாகக் கற்பிக்குந் துறையை இயன்முறை மருத்துவம் என்றும் பிசியோதெரபி என்றும் வழங்குகின்றனர்.

இனி, நம் இல்லங்களில் நடப்பதைச் சற்று மனந்திறந்து பேசுவோம். யாம் அறிந்த ஒரு வீட்டில் அறுபது கடந்த அம்மையார் ஒருவர்க்கு முழங்கால் நோவு கண்டது. மகன் அன்புடையவர், மருமகளும் அன்புடையவர். "அத்தை, நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தண்ணீர்ச் செம்பு முதல் எல்லாம் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தனர். சில மாதங்களுக்குள் அம்மையார்க்குக் கட்டிலினின்று கையூன்றாமல் எழவும் இயலாதாயிற்று. அன்பே விலங்காய் முடிந்தது! பின்னர் இயன்முறை மருத்துவர் ஒருவர் பயிற்சி கற்பித்தார். மருமகள் செம்பைக் கூடத்து மேசைக்கு மாற்றிவைத்தார். அம்மையார் எழுந்து சென்று எடுக்கலானார். வலி முற்றும் நீங்கிற்றென்று இன்றும் அவர் கூறுவதில்லை. ஆயின் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குத் தாமே சென்று வருகின்றார். ஆகவே இளைஞர்களுக்கு யாம் கூறுவது இது: பெற்றோர்க்குச் செய்யும் பணிவிடை அவர்தம் கால்களைப் பறிப்பதாய் இருத்தலாகாது. உடன் எழுந்து உடன் நடப்பதே உயர்ந்த பணிவிடை.

இது வெறும் நல்லெண்ணமன்று, ஆராய்ந்து கண்ட உண்மை. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த காக்ரேன் ஆராய்ச்சித் தொகுப்பு, முழங்கால் நோய்க்குரிய பயிற்சி பற்றிய 54 ஆய்வுகளைச் சேர்த்து நோக்கி, பயிற்சியால் வலி குறைந்து செயல்வன்மை கூடுகின்றதென முடிவு செய்தது. பயிற்சிக் காலம் முடிந்த பின்னும் அந்நலம் 2 முதல் 6 மாதங்கள் வரையேனும் நிலைத்ததாம். டென்மார்க்கு நாட்டில் 2013 முதல், நோயாளிகட்கு நோயின் இயல்பை விளக்கி, வாரம் இருமுறையாக 6 வாரங்களில் 12 முறை கண்காணித்துப் பயிற்றும் திட்டமொன்று நடைபெற்று, பிற நாடுகட்கும் பரவியுள்ளது. இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ நெறிக்குழு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும், இந்நோயர் அனைவர்க்கும் அவரவர்க்கேற்ற பயிற்சியை அளிக்குமாறு கூறுகின்றது. பயிற்சியால் குருத்தெலும்பு புதிதாய் முளைத்துவிடும் என்று எவரும் கூறவில்லை. எக்ஸ்ரே படம் மாறாதிருப்பினும் நடை மாறக்கூடும் என்பதே கருத்து.

பயிற்சிகளுட் சில கூறுவோம். வெந்நீர் ஒத்தடமோ வெந்நீர்க் குளியலோ முன்னர்க் கொள்ளின் இறுக்கம் சிறிது நெகிழும். நீரிழிவினால் கால் மரத்தோர் சூட்டைக் கையாலறிந்தே ஒத்தடமிடல் வேண்டும்.

முதலாவது: படுத்தோ காலை நீட்டி இருந்தோ, சுருட்டிய துண்டை முழங்காலின் கீழ் வைத்து, அதனைக் கீழ்நோக்கி அழுத்தி, 5 எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்துக. இவ்வாறு 10 முறை.

இரண்டாவது: நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்து ஒரு காலை மெல்ல நேரே நீட்டி, 5 எண்ணி, மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

மூன்றாவது: சுவரோரம் அசையாது நிற்கும் உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மீண்டும் அமர்க. தொடக்கத்தில் கையூன்றலாம், 5 முறை போதும். வன்மை வரவரக் கையை விடுத்து 10 முறையாக்குக. எழுதல் இருத்தல் என்னும் இதுவே வாழ்க்கைக்கு மிகவும் பயன்படும் பயிற்சியாகும்.

நான்காவது: சமதரையில் நடை. 5 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துக.

தோள் இறுகிக் கை மேலெழாதோரும் நம்முள் உளர். நீரிழிவுடையார்க்கு இது மிகுதியும் வரும். பாஸ்டன் நகரத்து மருத்துவர் காட்மன் என்பார் 1934-இல் இதற்கு "உறைந்த தோள்" என்று பொருள்படும் பெயரிட்டார். இவர்கள் நற்கையால் மேசையைப் பற்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளிபோல் மெல்ல ஆட்டலாம். சுவரில் விரல்களை ஊர்ந்தேறச் செய்து, எட்டிய இடத்தைக் கரியாற் குறித்து வைத்தால், வாரங்கள் செல்லச் செல்லக் குறி உயர்வதைக் கண்ணாரக் காணலாம். இந்நோய் மெல்லவே நீங்கும், பொறுமை வேண்டும். பிறரைக் கொண்டு கையை வலிந்து இழுப்பித்தல் கூடாது.

வலியோடு பயிற்சி செய்யலாமா எனின், அதற்கும் அளவுகோல் உண்டு. வலியின்மையைச் சுழி என்றும், பொறுக்கலாகா வலியைப் 10 என்றும் கொள்க. பயிற்சியின்போது வலி 5-க்கு மேற்படாமலும், மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வருவதாயும் இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. மேற்பட்டால் பயிற்சியைக் குறைக்க; அறவே விட்டுவிடற்க. ஆயின் மூட்டு சிவந்து வீங்கிச் சுடுதல், உடன் காய்ச்சல் காணல், வீழ்ந்தபின் காலூன்ற இயலாமை, காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தல் ஆகியவை காணின் பயிற்சிக்கு முன் மருத்துவரை நாடுக. அவை வேறு நோயின் குறிகளாதல் கூடும்.

"நாள் முழுதும் வீட்டுவேலை செய்கின்றோமே, அது பயிற்சியாகாதோ?" எனத் தாய்மார் வினவுவர். வீட்டுவேலை சுமை; பயிற்சி அளவு. அடுப்பின்முன் மணிக்கணக்காய் நிற்றலால் மூட்டு களைக்குமேயன்றி மெலிந்த தசை வேண்டிய வன்மை பெறாது. 20 நிமிடம் தமக்கென ஒதுக்குதல் தன்னலம் அன்று. அந்நேரத்து அடுப்பை மற்றவர் பார்த்துக்கொள்க. உடற்பருமன் உடையார் அதனையும் குறைத்தல் வேண்டும். அமெரிக்காவில் 2005-இல் வெளிவந்த ஆய்வின்படி, உடலெடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகின்றது.

எண்ணெய் தேய்த்தல் வீணோ என வினவுவார்க்கும் ஒரு சொல். சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்பது தட்டல், பிடித்தல், அழுத்தல் முதலாக 9 வகைப்படும். அவற்றுள் ஒன்று அசைத்தல். தேய்ப்பதோடு நின்று அசைப்பதை மறந்தோர் நாமே. எண்ணெயும் மாத்திரையும் வலியைத் தணித்துப் பயிற்சிக்கு வழிவிடும் துணைகளாகலாம். வலிமாத்திரையை மருத்துவர் சொல்லின்றி நாட்பட உண்பதோ வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடாம்.

நிறைவாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் மண்டபம் வாரநாட்களில் காலை வேளை பூட்டியே கிடக்கின்றது. வாரம் இருமுறை அதனைத் திறந்து, தகுதிபெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, நம் மூத்தோர்க்கு ஒருங்கே பயிற்சி கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். தனியே செய்வார் பத்து நாளில் விடுவர். கூடிச் செய்வார் ஒருவரையொருவர் அழைத்து நிலைநிறுத்துவர். படிகளின் இருபுறமும் கைப்பிடி அமைத்தற்கும் பெருஞ்செலவு ஆகாது. அவ்வாறு செய்யின், நான்கு படிகளுக்கு அஞ்சி ஒதுங்கிய நம் மூத்தோர் மீண்டும் இவ்வவையில் முன்வரிசையில் வீற்றிருப்பர். அவர்கள்முன் இலக்கியம் பேசும் பேற்றினை எமக்கு அருளுமாறு வேண்டி அமர்கின்றோம்.